கடைபோகம் முடிந்த நிலத்தில் எதை விதைப்பது? மலைத்தோட்டத்துக்கான பசுந்தாள் தேர்வு

நீலகிரியில் டிசம்பரில் கடைபோக உருளைக்கிழங்கைத் தோண்டி, மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட்டால் தோட்டம் வெறிச்சென்று ஆகிவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஜனவரி நீர்போகத்துக்கு ஆயத்தமாவார்கள். மற்றவர்களுக்கு ஏப்ரல், மே கார்போகம் வரை நிலம் சும்மா கிடக்கும். அப்போதுதான் ஊரில் இந்தப் பேச்சு எழும்: "இந்த வருஷமாவது பசுந்தாள் போட்டுப் பார்க்கலாமா?" பச்சையாக இருக்கும்போதே மண்ணில் மடக்கி உழுது உரமாக்கும் பயிர்தான் பசுந்தாள். ஒருவர் லூபின் என்பார். இன்னொருவர் கடுகு தூவினால் போதும் என்பார். யூடியூப் பார்த்துவிட்டு வரும் பையன் பலதானியம் என்பான். கீழே சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் தக்கைப்பூண்டு விதையைப் பையில் கட்டியே அனுப்பிவிடுவார்.

தக்கைப்பூண்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தேங்கின தண்ணீரிலும் ஆளுயரம் வளர்ந்து நெல் வயலுக்கு உரமாகும் செடிதான். ஆனால் அது வெயில் கேட்கும் செடி. ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் முழங்கால் உயரத்துக்கே திணறும், ஜனவரி உறைபனியில் கருகிவிடும். சமவெளிப் பட்டியலை அப்படியே மலைக்கு ஏற்றுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு.

எதை வைத்து எடை போடுவது

பசுந்தாள் என்றதும் எல்லோரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். பூக்கும் தருணத்தில் ஒரு சதுர மீட்டர் செடியை வெட்டி எடை போடுங்கள். ஒன்றேகால் கிலோ வந்தால் ஏக்கருக்கு 5 டன் பச்சைத்தழை. பயறுவகைப் பச்சைத்தழையில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம், ஆக 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு மாதம் நிலத்தை விட்டு, விதை வாங்கி, கூலி கொடுத்துக் கிடைப்பது ஒரு மூட்டை யூரியாவும் கொஞ்சமும்! அதிலும் பாதியளவுதான் முதல் பயிருக்குப் போய்ச் சேரும். இதை மட்டும் பார்த்தால் யாரும் பசுந்தாள் பக்கமே வரமாட்டார்கள்.

மலையில் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. நம் மண் சரிவில் உட்கார்ந்திருக்கும் மண். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த அளவு வேண்டாம், வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரிப் பக்கம் அடிக்கும் சாதாரண மழை ஒன்று போதும், புதிதாகக் கிளறிய கேரட் பாத்தியிலிருந்து மேல்மண் சிவப்பாக ஓடையில் இறங்கும். போன மண்ணை எந்த மூட்டையிலும் வாங்க முடியாது. அதனால் என் அளவுகோலில் முதல் இடம் இதற்குத்தான்: மழைக் காலத்தில் அந்தச் செடி மண்ணை மூடி நிற்குமா, வேரால் பிடித்து நிற்குமா?

அடுத்தது காலம். பணம் தரும் ஒரு போகத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா, சும்மா கிடக்கும் இடைவெளியிலேயே அது வளர்ந்துவிடுமா? மூன்றாவது புளிப்பு. நீலகிரி, கொடைக்கானல் மேல்மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5-க்குக் கீழே இறங்கிவிட்டால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், பயறு வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரும் சோர்ந்துவிடும். நான்காவது, அடுத்து வரும் பயிரும் அதன் நோயும். இதைக் கேட்காமல் விதைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஐந்தாவதாகக் காட்டு மாடு. பச்சையாக எது நின்றாலும் இரவில் வந்து நிற்கும். இவற்றோடு மடக்கி உழ ஆகும் கூலியும் உண்டு. குறுகிய படித்தட்டுகளில் பவர் டில்லர் திரும்பாத இடங்களில் எல்லாம் மண்வெட்டி வேலைதான்.

குத்தகை நிலமா என்பதையும் மறக்க வேண்டாம். பசுந்தாளின் பலன் இரண்டு, மூன்று வருஷத்தில் மெல்லத் தெரிவது. அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம் ஒரு போகத்தை விடச் சொல்வது நியாயமில்லை. அவருக்குத் தோதானது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லூபின்

புளிப்பு மண்ணில் நன்றாக வரும் பயறுவகை என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் அது லூபின்தான். மற்றப் பயறுகள் முகம் சுளிக்கும் மண்ணில் இது நிமிர்ந்து நிற்கும். லேசான உறைபனியையும் தாங்கும். ஆழமாக இறங்கும் ஆணிவேர் இறுகிய அடிமண்ணைத் துளைக்கும். வெள்ளை லூபினுக்கு இன்னொரு கைத்திறமையும் உண்டு. அதன் வேரில் கொத்துக் கொத்தாகச் சிறு வேர்கள் கிளைத்து, சிட்ரிக் அமிலத்தைச் சுரந்து, மண் பூட்டி வைத்திருக்கும் மணிச்சத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பல வருஷம் காம்ப்ளெக்ஸ் உரம் கொட்டிய தோட்டத்தில் மணிச்சத்து நிறையவே பூட்டிக் கிடக்கும். அதை மீட்டுத் தரும் செடிக்கு யூரியா மூட்டைக் கணக்கு பொருந்தாது.

குறைகள் என்ன? முதலாவது காலம். நம் குளிரில் பூப்பதற்கே 75 முதல் 100 நாள் ஆகும். மடக்கிய பிறகு மட்க இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம். செப்டம்பரில் விதைத்தால் கடைபோகம் போச்சு என்று அர்த்தம். இரண்டாவது விதை. விதை பெரியது, ஏக்கருக்கு 35 முதல் 45 கிலோ வரை வேண்டும், கேட்டவுடன் கடையில் கிடைக்கும் பொருளும் அல்ல. மூன்றாவது, லூபினுக்கென்று தனி ரைசோபியம் உண்டு. புது நிலத்தில் அது இல்லாவிட்டால் செடி வளரும், ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நீங்கள் வளர்ப்பது வெறும் தழை. ஏற்கெனவே லூபின் வளர்ந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து விதையோடு புரட்டுவது எளிய வழி. ஆனால் உருளை விளைந்த தோட்டத்து மண்ணைக் கொண்டுவரவே கூடாது. ஏன் என்பது, வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவைப் பற்றிய பகுதியில் வரும்.

டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடியைத் தாராளமாகப் போட்டு பி.எச்.சை மேலே ஏற்றிவிட்ட நிலத்தில் லூபின் மஞ்சளடித்து நிற்கும். சுண்ணாம்பு அதற்கு ஆகாது. அப்படிப்பட்ட நிலத்துக்கு அடுத்து வரும் ஓட்ஸ், பட்டாணியே போதும்.

கசப்பு ரகங்களில் உள்ள ஆல்கலாய்டு மாட்டுக்கு விஷம். காட்டு மாடு வாய் வைக்கத் தயங்கும் என்ற அளவில் அது நமக்கு லாபம். வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்தால் நஷ்டம்.

ஓட்ஸும் பட்டாணியும் கலந்து

தண்ணீர் இல்லாத, நீர்போகம் போடாத தோட்டத்துக்கு என் கை முதலில் போவது இந்தக் கலவைக்குத்தான். கிழங்கு தோண்டும்போதே நிலம் முழுக்கக் கிளறப்பட்டுவிடுகிறது. தனியாக உழவு வேண்டாம். கடைசி மூட்டை கட்டிய அன்றோ மறுநாளோ, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ ஓட்ஸும் அதே அளவு பட்டாணியும் தூவி, முள்வாரியால் இழுத்துவிட்டால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே முளைக்கும். பனி ஈரமும் கைகொடுக்கும். ஒரு வாரம் தள்ளினால் மேல்மண் காய்ந்துவிடும், முளைப்பு பாதிதான்.

ஓட்ஸின் நார்வேர் மேல்மண்ணை வலைபோலப் பிடிக்கும். அந்த வேலையை எந்தப் பயறும் அவ்வளவு நன்றாகச் செய்யாது. பட்டாணி ஓட்ஸைப் பற்றி ஏறும், தழைச்சத்து சேர்க்கும். இலைப் பருவத்தில் இரண்டுமே லேசான உறைபனியைச் சமாளிக்கும். பட்டாணிப் பூதான் பனியில் கருகும், நமக்குப் பூவும் காயும் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கதிர் விடும்வரை ஓட்ஸை விட்டுவைத்தால் தண்டு நாராகி, மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். நானே ஒருமுறை "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே" என்று இருந்துவிட்டேன். மார்ச் கடைசியில் மடக்கி, அவசரத்தில் அதே நிலத்தில் கேரட் விதைத்தேன். முளைத்த கேரட் ஒரு மாதம் வெளிறி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் மட்காத தண்டில் முட்டி முட்டி இரண்டு கால், மூன்று கால் கேரட். மண்டியில் அதைத் தனியாக ஒதுக்கிப் போட்டார்கள். மடக்கிய நிலத்தில் முதலில் உருளையோ கோஸோ வரட்டும், கேரட் அதற்கடுத்த போகம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று காட்டு மாடு. ஓட்ஸ் அதற்கு விருந்து. காட்டோரத் தோட்டத்தில் வேலி இல்லாமல் ஓட்ஸ் போடுவது மாட்டை அழைத்து இலை போடுவதுதான். மேய்ந்ததோடு போனாலும் பரவாயில்லை, படித்தட்டின் ஓரத்தையும் மிதித்து இடித்துவிட்டுப் போகும். அந்தக் கரையைக் கட்டும் கூலியை யாரும் பசுந்தாள் கணக்கில் எழுதுவதில்லை.

கடுகு

விதை மலிவு, ஐந்தாறு வாரத்தில் மடக்கலாம், மடக்கும்போது வெளிவரும் காரப்பொருள் மண்ணிலுள்ள சில பூஞ்சைகளையும் நூற்புழுக்களையும் அடக்கும். இவ்வளவு நல்லது இருந்தும் ஊட்டிக் காய்கறித் தோட்டத்துக்குக் கடுகை நான் சொல்லமாட்டேன். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் எல்லாம் கடுகுக் குடும்பம். கிளப் ரூட் என்ற வேர் வீக்க நோய் இந்தக் குடும்பத்தைத் தாக்கும், அதன் வித்து மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உறங்கும், புளிப்பு மண் அதற்குப் பிடித்தமானது. கோஸுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்துக் கடுகு தூவுவது நோய்க்குச் சோறு போடுவது. பூண்டும் உருளையும் மட்டுமே சுழற்சியில் உள்ள கொடைக்கானல் மேல்மலைத் தோட்டத்துக்கு, பூம்பாறை, மன்னவனூர் பக்கம், கடுகு பொருந்தலாம். கடுகு பயறுவகை அல்ல, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பலதானிய விதைப்பு

நம்மாழ்வார் தமிழ்நாடு முழுக்கப் பரப்பிய முறை. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று ஐந்து வகையிலும் விதை எடுத்து, ஏக்கருக்கு 20, 25 கிலோ கலந்து தூவி, 50, 60 நாளில் மடக்குவது. விதவிதமான வேர்கள் விதவிதமான ஆழத்துக்கு இறங்கும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கடையில் கட்டித் தரும் கலவையைத் திறந்து பாருங்கள். எள், ஆமணக்கு, கம்பு, சோளம், சணப்பை, தக்கைப்பூண்டு. பாதி விதை ஊட்டிக் குளிரில் முளைத்துவிட்டு நின்றுவிடும் விதை. கொடுத்த காசில் பாதி பனியில் போனதற்குச் சமம்.

இங்கே செய்வதானால் கலவையை நாமே கட்ட வேண்டும்: ஓட்ஸ், பார்லி, கோதுமை, சாமை, பட்டாணி, லூபின், கொத்தமல்லி, வெந்தயம். கோஸ் போடும் நிலமென்றால் கடுகு வேண்டாம். 60 நாள் என்பதும் சமவெளிக் கணக்கு, இங்கே 80 நாளாவது கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் விதைகளைத் தீர்க்கவும், சின்ன இடத்தில் எது நம் மண்ணில் நன்றாக வருகிறது என்று பார்க்கவும் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. பெரிய நிலம் முழுக்கப் போட நான் அவசரப்படமாட்டேன்.

வெளியிலிருந்து தழை: காட்டுச் சூரியகாந்தி

நிலத்தை ஒரு நாள்கூட விட முடியாதவருக்கு மிஞ்சும் வழி, வேறிடத்துத் தழையை வெட்டிக் கொண்டுவந்து போடுவது. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி, இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் அதே செடிதான், சத்து மிகுந்த தழை. உலர்ந்த இலையில் மூன்றரை சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதைவிடவும் கூட. பயறுவகை அல்லாத செடிக்கு இது பெரிய அளவு. சீக்கிரம் மட்கும், கிழங்குக்குச் சாம்பல் சத்து நல்லது.

செலவு எங்கே என்றால் தலைச்சுமையில். 25 கிலோ தழைச்சத்து வேண்டுமானால் மூன்றரை டன் பச்சைத்தழை. சுமைக்கு 25 கிலோ என்று வைத்தால் 140 சுமை, அதுவும் ஏற்றத்தில். ஜீப் போகும் பாதை ஓரத்தில் தோட்டம் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. விதை கட்டுமுன் வெட்டாவிட்டால் தோட்டத்துக்குள்ளேயே களையாகும். 10, 15 சென்ட் பூண்டுப் பாத்திக்கு இது அருமையான வழி. ஏக்கர் கணக்கில் செய்யச் சொல்பவர் சுமை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரே பார்வையில்

| | லூபின் | ஓட்ஸ் + பட்டாணி | கடுகு | பலதானியம் | காட்டுச் சூரியகாந்தி |
|---|---|---|---|---|---|
| நிலம் அடைபடும் காலம், மட்கவும் சேர்த்து | 4–5 மாதம் | 3–4 மாதம் | 2–2½ மாதம் | 3–4 மாதம் | இல்லை |
| உறைபனி | லேசானதைத் தாங்கும் | லேசானதைத் தாங்கும் | ஓரளவு | கலவையைப் பொறுத்தது | வெளியில் வளர்வது |
| புளிப்பு மண் | மிக நன்று | ஓட்ஸ் நன்று, பட்டாணி சுமார் | சுமார் | கலவையைப் பொறுத்தது | கவலையில்லை |
| மண்பிடிப்பு | நடுத்தரம் | மிக நன்று | குறைவு | நன்று | மூடாக்காகப் போட்டால் நன்று |
| காட்டு மாடு | கசப்பு ரகம் தப்பும் | இழுக்கும் | நடுத்தரம் | இழுக்கும் | கவலையில்லை |
| மறைந்த செலவு | விதை, ஒரு போகம் | வேலி, கரை இடிவு | கிளப் ரூட் | வீணாகும் விதை | சுமைக் கூலி |

நூற்புழு இருக்கும் நிலம்

1961-ல் ஊட்டி விஜயநகரத்தில் உருளை முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து நீலகிரி உருளைக்கு அது தீராத தலைவலி. அதன் கூடு மண்ணோடு மண்ணாகப் பரவும். வேற்றுத் தோட்டத்து மண்ணை எடுத்து வராதீர்கள் என்றது இதனால்தான். உருளைக் குடும்பத்து வேர் அருகில் இல்லாவிட்டால் அந்தப் புழுவுக்கு இரை இல்லை. மேலே சொன்ன எதைப் போட்டாலும், உருளைக்கு ஒரு போகம் ஓய்வு கொடுத்ததாகிறது, மண்ணிலுள்ள கூடுகளில் ஒரு பங்கு தானாகக் காலியாகும். இந்த நிலத்தில் மட்டும் லூபினுக்காக ஒரு கடைபோகத்தை விடுவதை நஷ்டமாக எழுத மாட்டேன். திரும்ப உருளை வைக்கும்போது குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி போன்ற எதிர்ப்பு ரகமாகப் பாருங்கள்.

கேரட்டில் கணு கணுவாக வீக்கம் காட்டும் வேர்முடிச்சு நூற்புழு வேறு ஜாதி. அதற்குப் பட்டாணியும் இரைதான். அந்த நிலத்தில் பட்டாணியை விட்டுவிட்டு ஓட்ஸ் மட்டும் போடுங்கள்.

1,200 மீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கு

கொல்லிமலை, ஜவ்வாது, கொடைக்கானல் கீழ்மலைக்காரர்களுக்குத் தேர்வு எளிது. சணப்பை 45 முதல் 60 நாளில் மடக்கும் பதத்துக்கு வந்துவிடும், ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை, வேர்முடிச்சு நூற்புழுவையும் அடக்கும். நீர் தேங்கினால் மட்டும் ஆகாது, சரிவில் அந்தப் பிரச்சினை இல்லை. கொல்லிமலையில் தினையும் சாமையும் இருந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி. அது மண்ணை உறிஞ்சுகிற பயிர், முதல் இரண்டு மாதம் நிலத்தை மூடவும் செய்யாது. அந்த இடைவெளியில் வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு விதைத்து, 50 நாளில் வெட்டி அங்கேயே போட்டுவிட்டால் போகம் எதுவும் இழக்க வேண்டியதில்லை.

பூனைக்காலி என்ற படரும் பயறுக்கொடியையும் சிலர் கேட்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டின் வடகரைச் சரிவுகளில் 1970-களிலிருந்து சிறு விவசாயிகள் தாங்களாகவே பரப்பிக்கொண்ட முறை அது. பூனைக்காலி படர்ந்த காட்டை உழாமல் அப்படியே வெட்டிச் சாய்த்து, அந்தத் தழைமேல் குச்சியால் குழி போட்டு மக்காச்சோளம் ஊன்றினார்கள். அங்கே மழை அதிகம், நிலத்தில் சில மாதம் வேறு பயிர் இல்லை. காப்பியும் மிளகும் நிற்கும் தோட்டத்தில் இதை விட்டால் கொடி ஏறி இரண்டையும் அமுக்கிவிடும். தனியாகக் கிடக்கும் தரிசுச் சரிவுக்கு மட்டும் சரி, அதுவும் அரிக்கும் சுனை இல்லாத ரகமாக.

மடக்குவதா, வெட்டிப் போடுவதா

எதைப் போடுவது என்பதைவிட இதில்தான் மலையில் அதிகம் கெடுகிறது. சமவெளியில் மடக்கி உழுவது சரி. சரிவில் செப்டம்பர் கடைசியில் மடக்கிக் கொத்திவிட்டால், அக்டோபர் மழைக்கு நான்கு மாதம் சேர்த்த அத்தனையும் பள்ளத்தில். படித்தட்டு சரியாக இருக்கும் நிலத்தில், மழை ஓய்ந்த பருவத்தில் மட்டும் மடக்குங்கள். படித்தட்டு இல்லாத சரிவில் அடியோடு வெட்டி, சரிவுக்குக் குறுக்காக வரிசை வரிசையாகப் போட்டுவிடுங்கள். தழைச்சத்தில் கொஞ்சம் காற்றில் போகும், போகட்டும். மண் தங்குகிறது.

யார் எதை எடுக்கலாம்

நீர்போகம் இல்லாத, சொந்த நிலம்: ஓட்ஸ், பட்டாணி. காட்டோரம், வேலி இல்லை: கசப்பு லூபின். விளைச்சல் வருஷா வருஷம் இறங்கும் நிலம், நூற்புழு உள்ள நிலம்: ஒரு கடைபோகத்தை விட்டு லூபின், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. பி.எச். 4.5-ஐ ஒட்டி இருந்தால் முதலில் மண் பரிசோதனைப்படி டோலமைட், பசுந்தாள் அடுத்த வருஷம், அப்போது லூபின் கேட்க வேண்டாம். குத்தகைக்காரர்: நிலத்தை அடைக்காத காட்டுச் சூரியகாந்தித் தழை, அல்லது தோண்டிய கையோடு தூவும் வெறும் ஓட்ஸ். பால் மாடு இருந்தால் அந்த ஓட்ஸைப் பாதி அறுத்துத் தீவனமாக்கி, சாணமாகத் திருப்பிப் போடலாம்.

லூபின் எடுப்பவர்கள் முதல் வருஷமே 5 சென்ட் மூலையை மடக்காமல் விட்டுவிடுங்கள். காய் முற்றி வெடிக்குமுன் காலைப் பனி ஈரத்தில் பறித்து, கூரையடியில் உலர்த்தி வைத்தால் அடுத்த வருஷ விதைக்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.